மடங்கும் சிறகுகள்

பறக்க வேண்டும் என்னும் வேட்கை தமிழுக்குப் புதியதன்று. சோழன் நலங்கிள்ளியைப் பாடிய உறையூர் முதுகண்ணன் சாத்தனார், பாகன் செலுத்தாமலே செல்லும் வான ஊர்தி ஒன்றைப் புறநானூற்றில் குறிப்பிடுகிறார். புலவரால் பாடப்பெறும் புகழுடையோர் தம் கடமைகளை முடித்தபின் அடையும் ஊர்தி அது, மறுமைக்குரியது. இம்மையிலேயே, தன் கையால் தானே செலுத்தி, தான் எண்ணிய திசையில் செல்லும் ஊர்தியைக் காண விரும்புவோர் திருத்தக்க தேவரிடம் செல்ல வேண்டும். சீவக சிந்தாமணியில் சச்சந்த மன்னன் தச்சன் ஒருவனைக் கொண்டு மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கிறான். கருவுற்ற அரசி விசயை அதில் ஏறி, பொறியைத் திருகி எழும்பவும் இறங்கவும் பழகுகிறாள். கட்டியங்காரனின் படை அரண்மனையைச் சூழ்ந்த நாளில் அந்தப் பழக்கமே அவள் உயிரையும் வயிற்றில் வளரும் சீவகனின் உயிரையும் காக்கிறது.

உலாவாகத் தொடங்கியது உற்ற நேரத்து வழியாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் தனிமனிதர் சொந்தமாக வைத்து ஓட்டிய சிறுவிமானங்களின் வரலாறும் ஏறத்தாழ இதுவே. அது விளையாட்டா, பயணக் கருவியா என்னும் வினா அவ்விமானம் பிறந்த நாள் முதல் எழுந்துகொண்டே இருக்கிறது. விடை ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

பல்லாவரத்தில் ஒரு பொறி

இவ்வரலாற்றின் முதற்பக்கங்களில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. 1909ஆம் ஆண்டு சூலை 25 அன்று லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்தார். அச்செய்தி சென்னை மவுண்ட் ரோடில் ஓட்டல் நடத்திவந்த கியாகோமோ டி ஆஞ்சலிஸ் என்பவரின் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. அவர் தாமே ஒரு வடிவமைப்பை வகுத்து, வண்டி கட்டுவதில் பெயர்பெற்ற சிம்ப்சன் நிறுவனத்தாரிடம் விமானமாகச் செய்து வாங்கினார். 1910ஆம் ஆண்டு பல்லாவரத்தில் அது சோதிக்கப்பட்டது. பின்னர்த் தீவுத்திடலில் கட்டணம் பெற்று மக்களுக்குக் காட்டப்பட்டது.

அதில் ஏறி அவர் எந்த ஊருக்கும் போகவில்லை, போகவும் இயலாது. எனினும் அரசோ படையோ தூண்டாமல், ஆசை ஒன்றையே முதலாக வைத்து ஓர் ஓட்டல்காரர் செய்த முயற்சி அது. தனிமனிதர் விமானம் எங்கும் அவ்வாறே தோன்றியது.

அந்துப்பூச்சி பிறந்த கதை

ஆசை பயனாக மாறுவதற்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. முதல் உலகப்போர் முடிந்தபோது இங்கிலாந்தில் விமானங்களும் விமானிகளும் மிகுந்திருந்தனர். ஆனால் போர் விமானங்கள் எரிபொருளை மிகுதியாகக் குடிப்பவை; பெரிய கொட்டகைகளை வேண்டுபவை. ஒரு மருத்துவரோ வணிகரோ வைத்து ஆளத்தக்க விமானம் எதுவும் இல்லை. அதன்பின் அரசின் போட்டிகளுக்காகச் செய்யப்பட்ட மிகச்சிறு விமானங்களோ காற்றில் தள்ளாடின.

ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவைத் தேடினார். அதற்கேற்ற எஞ்சின் கடைகளில் இல்லை. போரில் மிஞ்சிய ரெனோ எஞ்சின்கள் குவிந்து கிடந்தன. அவை எட்டு சிலிண்டர் கொண்டவை. பொறியாளர் ஃபிராங்க் ஹால்ஃபோர்டு அதில் பாதியை அடிப்படையாகக் கொண்டு, 60 குதிரைத்திறன் உடைய நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை உருவாக்கினார். சிர்ரஸ் என்று அதற்குப் பெயர். போரின் மிச்சத்திலிருந்து அமைதிக்காலத்தின் ஊர்தி பிறந்தது.

1925ஆம் ஆண்டு பிப்ரவரி 22 அன்று, இலண்டனை அடுத்த ஸ்டாக் லேன் திடலில் டி ஹாவிலண்டே அவ்விமானத்தை முதன்முதலில் ஓட்டினார். இருவர் ஒருவர்பின் ஒருவராய் அமரும் இரட்டை இறக்கை விமானம் அது. அதன் தனிச்சிறப்பு, இறக்கைகளைப் பின்னோக்கி மடக்கி உடலோடு ஒட்டி வைக்கலாம் என்பது. அவ்வாறு மடக்கினால் வைக்கோல் கொட்டகையில் நிறுத்தலாம். மோட்டார் வண்டியின் பின்னே கட்டி இழுத்தும் செல்லலாம். டி ஹாவிலண்ட் பூச்சியினங்களை விரும்பி ஆய்ந்தவர். அமர்ந்தவுடன் சிறகை மடக்கிக்கொள்ளும் அந்துப்பூச்சியை நினைந்து, அதன் ஆங்கிலப் பெயரான ‘மாத்’ என்பதையே விமானத்துக்குச் சூட்டினார்.

அது வெறும் விளையாட்டுப் பொருளன்று என்று காட்டும் பொறுப்பை ஆலன் காபம் ஏற்றார். 1925 மே 29 அன்று இலண்டனின் கிராய்டனிலிருந்து சுவிட்சர்லாந்தின் சூரிக் நகருக்குச் சென்று அன்றே திரும்பினார். ஏறத்தாழ 1,000 மைல். அதே ஆண்டில் பிரிட்டிஷ் அரசு பறத்தல் கழகங்களுக்கு உதவி வழங்கத் தொடங்கியது. தனியொருவரால் வாங்க இயலாத விமானத்தைப் பலர் கூடிக் கழகமாக வைத்துக்கொண்டு, முறைவைத்துப் பயின்றனர். பழைய எஞ்சின்களின் கையிருப்பு தீரவே, ஜிப்ஸி என்னும் புதிய எஞ்சினை நிறுவனம் தானே செய்தது. ஜிப்ஸி மாத் விமானத்தின் விலை 1920களின் இறுதியில் 650 பவுன். அந்நாளைய சிறு மோட்டார் வண்டிகள் ஏறத்தாழ ஐந்தின் விலை அது. ஏழைக்கு எட்டாதது, எனினும் பிரபுக்களுக்கு மட்டுமே உரியது என்றும் சொல்லிவிட முடியாது.

பழகிய கைகள்

அந்நாளில் இலண்டனில் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் தட்டெழுத்தராக இருந்தவர் ஏமி ஜான்சன். ஓய்வு நேரத்தில் கழகத்தில் பறக்கக் கற்றார். அத்தோடு நில்லாமல், எஞ்சினைப் பிரித்துப் பூட்டவும் கற்று, அத்தொழிலுக்கான சான்றிதழும் பெற்றார். தந்தையும் எண்ணெய் வணிகர் வேக்ஃபீல்டு பிரபுவும் பொருளுதவி செய்ய, பழைய ஜிப்ஸி மாத் ஒன்றை வாங்கி, ‘ஜேசன்’ எனப் பெயரிட்டார். 1930 மே 5 அன்று கிராய்டனில் தனியே புறப்பட்டார். கராச்சி, ஜான்சி, கல்கத்தா, இரங்கூன் வழியே சென்று, மே 24 அன்று ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் இறங்கினார். ஏறத்தாழ 11,000 மைல். வழியில் உடைந்த பகுதிகளை ஆங்காங்கே செப்பனிட்டுக்கொண்டே சென்றார் என்பதில்தான் அப்பயணத்தின் உண்மையான பெருமை அடங்கியிருக்கிறது.

எழுத்தாளர் உலகமும் இவ்விமானங்களின் நிழலில் நின்றிருக்கிறது. ஐசக் டினேசன் என்னும் புனைபெயரில் எழுதிய டேனிஷ் எழுத்தாளர் காரென் பிளிக்சன், கென்யாவின் மேட்டுநிலத்தை வானிலிருந்து கண்டது தம் நண்பர் டெனிஸ் ஃபின்ச் ஹாட்டனின் ஜிப்ஸி மாத் விமானத்தில்தான். யானைக் கூட்டங்கள் இருக்குமிடத்தை மேலிருந்து கண்டறிய அதைப் பயன்படுத்த முயன்ற ஃபின்ச் ஹாட்டன், 1931 மே மாதம் வோய் என்னுமிடத்தில் அதே விமானம் விழுந்து மாண்டார். 1937இல் வெளிவந்த பிளிக்சனின் ஆப்பிரிக்க நினைவு நூல் அந்த மகிழ்ச்சியையும் இழப்பையும் ஒருங்கே சுமந்து நிற்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் செந்த் எக்சுபெரி, தம் சொந்த விமானத்தில் சைகோனை நோக்கிச் செல்கையில், 1935 டிசம்பர் 30 அன்று லிபியப் பாலைவனத்தில் விழுந்தார். நீரின்றி நாட்கணக்கில் அலைந்து, பாலைவன நாடோடி ஒருவரால் உயிர் பிழைத்தார். பாலையில் விமானம் பழுதாகி நிற்கும் விமானியோடு தொடங்கும் ‘குட்டி இளவரசன்’ 1943இல் வெளிவந்தது.

இரண்டாம் உலகப்போர் மூண்டபோது, ஆலைகளிலிருந்து போர் விமானங்களைப் படைத்தளங்களுக்கு ஓட்டிச்செல்ல ஆள் போதவில்லை. பொழுதுபோக்காகப் பறக்கக் கற்ற பெண்கள் பலர் 1940 முதல் அப்பணியில் சேர்ந்தனர். ஏமி ஜான்சனும் சேர்ந்தார். 1941 சனவரி 5 அன்று விமானம் ஒன்றை ஓட்டிச்சென்றபோது தேம்ஸ் கழிமுகத்தில் விழுந்து மறைந்தார். விளையாட்டு என்று உலகம் எண்ணியது பயிற்சியாக இருந்ததை அப்போது நாடு உணர்ந்தது.

இரு இளைஞரும் ஒரு ஸ்பார்க் பிளக்கும்

இந்தியாவுக்கு மாத் விமானங்கள் கழகங்களின் வழியாகவே வந்தன. 1920களின் இறுதியில் தில்லி, கராச்சி, பம்பாய் முதலிய நகரங்களில் பறத்தல் கழகங்கள் தோன்றின. சென்னைக் கழகம் 1930இல் அமைந்தது. 1929 பிப்ரவரி 10 அன்று இந்திய விமானக் கழகம் வழங்கிய விமானி உரிமங்களில் முதல் எண்ணுக்குரியதைப் பெற்றவர், 24 வயதான ஜே. ஆர். டி. டாட்டா. அந்நாளில் அது செல்வந்தர் வீட்டு இளைஞர் ஒருவரின் பொழுதுபோக்காகவே தோன்றியிருக்கும்.

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியே பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று ஆகாகான் அறிவித்தார். மூவர் முனைந்தனர். மன் மோகன் சிங் விதித்த கால எல்லையைக் கடந்துவிட்டதால் பரிசை இழந்தார். எஞ்சியவர் இருவர்: இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட 17 வயது ஆஸ்பி இஞ்சினியர், கராச்சியிலிருந்து 1930 மே மாதம் தம் ஜிப்ஸி மாத் விமானத்தில் புறப்பட்ட டாட்டா.

எதிரெதிர்த் திசையில் பறந்த இருவரும் எகிப்தின் அபூகீர் தளத்தில் சந்தித்தனர். ஆஸ்பி ஸ்பார்க் பிளக் பழுதாகி, மாற்று இல்லாமல் அங்கே நின்றுவிட்டிருந்தார். டாட்டாவிடம் உபரியாக இருந்தது. கொடுக்காமல் சென்றிருந்தால் பரிசு அவருக்கே. கொடுத்துவிட்டுச் சென்றார். டாட்டா இலண்டனை அடைவதற்குச் சற்று முன்னரே ஆஸ்பி கராச்சியை அடைந்து பரிசை வென்றார்.

அந்தச் சிறுவர் பின்னாளில் விமானப்படையில் சேர்ந்து, 1960 டிசம்பர் முதல் 1964 வரை இந்திய விமானப்படைத் தளபதியாக இருந்தார். பாரியின் தேரையும் பேகனின் போர்வையையும் பாடிய மரபினர்க்கு, பாலைவன ஓரத்தில் கைமாறிய ஸ்பார்க் பிளக்கின் மதிப்பு எளிதில் விளங்கும்.

கடிதம் சுமந்த சிறகு

விளையாட்டு நாட்டுக்கு உதவும் நாளும் விரைவில் வந்தது. இலண்டனிலிருந்து வரும் அஞ்சலை இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்கள் 1929 முதல் கராச்சியில் இறக்கின. அங்கிருந்து பம்பாய்க்கும் சென்னைக்கும் அது இரயிலில் ஊர்ந்து வர வேண்டும். கடலும் பாலையும் கடந்து பறந்து வந்த கடிதம் இந்திய மண்ணைத் தொட்டதும் வேகம் இழந்தது. இக்குறையை நீக்கும் திட்டத்தைத் தீட்டியவர் நெவில் வின்சென்ட் என்னும் விமானி. அதற்குத் துணைநின்றவர் டாட்டா.

பணிக்கு வாங்கப்பட்டவை இரண்டு புஸ் மாத் விமானங்கள். மூடிய அறைக்குள் இருவர் மூவர் அமர்ந்து செல்வதற்காக, தனிமனிதரின் உல்லாசப் பயணத்தை மனத்திற்கொண்டு டி ஹாவிலண்ட் நிறுவனம் செய்த சிறுவிமானம் அது. 1932 அக்டோபர் 15 அன்று டாட்டா கராச்சியின் டிரிக் ரோடு திடலிலிருந்து அஞ்சல் பைகளுடன் புறப்பட்டார். அகமதாபாத்தில் இறங்கியபோது பெட்ரோல் டின்கள் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தன. அங்கே நிரப்பிக்கொண்டு பம்பாயின் ஜுஹூ திடலை அடைந்தார். அங்கிருந்து வின்சென்ட் அஞ்சலைப் பெற்றுக்கொண்டு பெல்லாரி வழியே சென்னைக்கு எடுத்துவந்தார்.

மாட்டுவண்டி எரிபொருள் கொணர, விமானம் கடிதம் கொணர்ந்த அந்த நாளில் இந்தியாவின் இரண்டு காலங்கள் ஒரு திடலில் சந்தித்தன. ஜுஹூ மழைக்காலத்தில் சேறாகிவிடும். அப்போது பூனாவில் இறங்குவர். அச்சிறிய அமைப்பே 1946இல் ஏர் இந்தியா ஆயிற்று. 1953இல் நாட்டுடைமையாகி, 2022 சனவரியில் மீண்டும் டாட்டா குழுமத்தைச் சேர்ந்தது. 1982 அக்டோபர் 15 அன்று, தம் 78ஆம் வயதில், டாட்டா அதே கராச்சி–பம்பாய் வழியை லெப்பர்டு மாத் என்னும் பழைய சிறுவிமானத்தில் மீண்டும் ஓட்டிவந்தார். ஐம்பது ஆண்டுகளில் பெரிய பெரிய ஜெட் விமானங்களை நாட்டுக்குக் கொணர்ந்தவர், கொண்டாடத் தேர்ந்தது சிறிய சிறகையே.

வானத்துப் பேன்

எல்லார்க்கும் சிறகு என்னும் கனவுக்கு இருண்ட பக்கமும் உண்டு. பிரான்சில் ஆன்றி மின்யே என்பவர், பணமில்லாதவரும் தம் வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க மிகச்சிறு விமானம் ஒன்றை வகுத்து, 1933இல் பறந்து காட்டினார். ‘வானத்துப் பேன்’ என்று அதற்கு வேடிக்கையாகப் பெயரிட்டார். 1934இல் அவர் வெளியிட்ட நூல், மரப்பெட்டி செய்யத் தெரிந்தவர் விமானமும் செய்யலாம் என்னும் நம்பிக்கையை ஊட்டியது. பிரான்சிலும் இங்கிலாந்திலும் ஆயிரக்கணக்கானோர் அந்நூலைப் படித்தனர். கொல்லைப்புறங்களிலும் பட்டறைகளிலும் சுத்தியல் ஓசை எழுந்தது.

பின்னர் விபத்துகள் தொடர்ந்தன. காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோது உண்மை தெரிந்தது. அவ்விமானத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு இறக்கைகள் நெருங்கி அமைந்திருந்தன. மூக்கு ஓரளவுக்குமேல் கீழ்நோக்கிச் சரிந்தால், இரண்டின் காற்றோட்டமும் ஒன்றோடொன்று மோதி, விமானியால் மூக்கை மீண்டும் தூக்க இயலாமற் போயிற்று. 1936இல் அரசுகள் தடைவிதித்தன. மின்யே குறையைத் திருத்திப் பின்னும் விமானங்கள் வகுத்தார். எனினும் அவர் நூலை நம்பி இறந்தவர்கள் மீளவில்லை. ஆர்வத்தை ஊட்டும் எழுத்துக்கு உயிர்ப்பொறுப்பும் உண்டு என்பதற்கு இதனினும் கடுமையான சான்று வேண்டியதில்லை.

வீட்டுக்கொரு விமானம்

அமெரிக்காவில் கனவு பேரளவில் மலர்ந்து பேரளவில் வாடியது. எண்ணெய்த் தொழிலிலிருந்து விமானத் தொழிலுக்கு வந்த வில்லியம் பைப்பரின் மஞ்சள் நிறக் ‘கப்’ விமானம், 1938 முதல் 1947க்குள் ஏறத்தாழ 20,000 செய்யப்பட்டது. போர்க்கால விமானிகளில் மிகப் பலர் கற்றது அதில்தான். போர் முடிந்ததும், வீடு திரும்பும் விமானிகள் ஒவ்வொருவரும் விமானம் வாங்குவர் என்று ஆலைகள் கணக்கிட்டன. 1945இல் நியூயார்க் மேசீஸ் கடையில் துணிமணிகளோடு எர்கூப் என்னும் விமானமும் விற்கப்பட்டது. 1946இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 35,000 சிறுவிமானங்கள் செய்யப்பட்டன. அடுத்த ஆண்டே அத்தொகை பாதிக்கும் கீழாகச் சரிந்தது.

காரணம் தேடத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. கார் மழையிலும் செல்லும்; சிறுவிமானம் மேகத்தைக் கண்டால் காத்திருக்கும். மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்க வேறொரு பயிற்சியும் உரிமமும் வேண்டும். திடலில் இறங்கியபின் ஊருக்குள் செல்ல மீண்டும் ஒரு கார் வேண்டும். குறித்த நாளில் போய்ச்சேர வேண்டியவர் இரயிலையே நம்பினர். போய்ச்சேர்ந்தே ஆக வேண்டும் என்னும் பிடிவாதத்தோடு மேகத்துக்குள் நுழைந்த விமானிகள் பலர் திரும்பவில்லை. பொழுதுபோக்காகப் பறப்பவர் நாளை வருவோம் என்று வீடு திரும்பலாம். வேலையாகப் பறப்பவருக்கு அந்த உரிமை குறைவு. விளையாட்டுக்கும் பயணத்துக்கும் இடையே உயிரின் விலையில் வரைந்த கோடு அது.

பின்னர் செஸ்னா நிறுவனத்தின் நான்கு இருக்கை விமானம், 1956 முதல் 44,000க்கு மேல் செய்யப்பட்டு, உலகில் மிகுதியாகச் செய்யப்பட்ட விமானம் என்னும் பெயர் பெற்றது. 1978இல் அமெரிக்க ஆலைகள் 17,811 விமானங்களை விற்றன. அதன்பின் விலையேற்றமும், பழைய விமானங்களின் விபத்துகளுக்கும் ஆலைகளையே பொறுப்பாக்கிய இழப்பீட்டு வழக்குகளும் தொழிலை நலிவித்தன. 1986இல் செஸ்னா சிறுவிமானம் செய்வதையே நிறுத்தியது. 18 ஆண்டுகளுக்கு மேற்பட்ட விமானங்களின் மீதான வழக்குகளை வரையறுத்து 1994இல் சட்டம் வந்தபின்னரே மீண்டும் தொடங்கியது.

பாதையில்லா ஊர்கள்

ஆனால் அலாஸ்காவில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. அங்கே சாலையால் சென்றடைய இயலாத ஊர்களே மிகுதி. கோடையில் ஏரியில் மிதக்கும் மிதவைகளையும், பனிக்காலத்தில் சறுக்குக் கட்டைகளையும் பூட்டிக்கொண்டு சிறுவிமானங்கள் ஊர்களுக்குச் செல்கின்றன. அரிசி, மாவு, தபால், மருந்து, மகப்பேற்றுக்குச் செல்லும் தாய் ஆகிய யாவும் அவற்றிலேயே செல்கின்றன. ஆங்கரேஜ் நகரின் ஹூட் ஏரியில், வாசலில் வண்டி கட்டியிருப்பதுபோல், கரை நெடுகத் தனியார் விமானங்கள் கட்டப்பட்டிருக்கும். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் மருத்துவர் விமானத்தில் சென்று நோயாளியைக் காணும் சேவை 1928 மே 17 அன்று குளோன்கரியில் தொடங்கியது. அங்கும் மாட்டுப்பண்ணைகள் தத்தம் ஓடுதளங்களை வைத்துள்ளன. அவ்வூர்களில் சிறுவிமானம் விளையாட்டா என்று வினவுவார் இல்லை.

பாதை உள்ள இடத்தில் சிறகு ஆடம்பரம். பாதை இல்லாத இடத்தில் அதுவே பாதை. எனினும் பாதையில்லா ஊர்களுக்குச் சிறகு கிடைத்தது, பாதையுள்ள ஊர்களில் சிலர் பயன் கருதாமல் அதனோடு விளையாடியதால் என்பதை மறத்தல் ஆகாது. ஓட்டல்காரர் ஒருவரின் ஆசை, பூச்சிகளை விரும்பியவரின் மடங்கும் இறக்கை, தட்டெழுத்தர் ஒருவரின் மாலை நேரம், இரு இளைஞரிடையே கைமாறிய ஸ்பார்க் பிளக் ஆகியவற்றின் வழியாகவே அஞ்சல் பை சென்னைக்கு வந்தது. மயிற்பொறியைச் செய்தவன் தச்சன். ஆனால் படை சூழ்ந்த இரவில் அது பறந்ததற்குக் காரணம், அமைதியான நாட்களில் விசயை அதில் ஏறிப் பழகியிருந்தாள் என்பதே.